காலைக்கு ஒரு ஆம்பூல்

என் வீட்டுக்காரர் மறுபடியும் குடிக்க ஆரம்பித்துவிட்டார் என்று எனக்கு முதலில் தோன்றியது ஆகஸ்ட் மாதம் ஒரு காலையில். சேதராப்பட்டில் பிளாஸ்டிக் மூடி செய்யும் கம்பெனியில் அவர் மெஷின் ஆபரேட்டர். அந்த வருஷம் முழுக்க நைட் ஷிஃப்ட். ஏழரை மணிக்கு வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தவர், ஷூவைக் கழற்றக் குனிந்து அப்படியே சுவரில் சாய்ந்தார். பிறகு என்னைப் பார்த்து, "எந்த ஷூ?" என்று கேட்டார். நான் எதுவும் பேசியிருக்கவே இல்லை.

அவர் குடியை விட்டு ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. புதுச்சேரியில் இருந்துகொண்டு குடியை விடுவது சும்மா இல்லை. பால் வாங்கப் போனாலும் பஸ்ஸுக்கு நின்றாலும் எதிரில் ஒரு கடை இருக்கும். வெளியூர்க்காரர்கள் அதற்காகவே லீவு போட்டுவிட்டு வருகிறார்கள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் குடித்துவிட்டு, எங்கள் மகளை வண்டியின் முன்னால் நிற்க வைத்து ஓட்டி வந்து விழுந்தார். குழந்தைக்குத் தாடையில் ஐந்து தையல். "இன்னொரு தடவை குடிச்சீங்கன்னா புள்ளைய இட்டுக்கினு போயிடுவேன். எங்கன்னு தேடிக்கூட வரக் கூடாது" என்றேன் அன்று. நான் சொன்னால் செய்வேன் என்பது அவருக்குத் தெரியும். அதோடு விட்டவர்தான்.

ஆகவே, அந்த "எந்த ஷூ?" எனக்குச் சாதாரணக் கேள்வி இல்லை. 

அதற்கு முன்புவரை எங்கள் வீட்டில் பேச்செல்லாம் அவருடைய முதுகு வலியைப் பற்றித்தான். முதுகு, இடுப்பு, முழங்கால் என்று வலி ஊர் சுற்றிக்கொண்டிருந்தது. ஜூன் மாதம் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு வைட்டமின் டி ரொம்பவும் குறைவு என்றார். ராத்திரி முழுக்க ஷெட்டுக்குள் வேலை, பகல் முழுக்க ஜன்னலை அடைத்துக்கொண்டு தூக்கம், பிறகு வெயில் எங்கே உடம்பில் படும் என்று கேட்டார். வீட்டுக்காரர் வழியெல்லாம் சிரித்தார். "வெயில் மண்டைய பொளக்கிற ஊர்ல எனக்கு வெயில் பத்தலியாம்டி. எங்கப்பன் கேட்டிருந்தா அந்த டாக்டர நாத்து நட கூட்டிக்கினு போயிருப்பாரு" என்றார்.

டாக்டர் எழுதிக் கொடுத்தது கொஞ்சம்தான். வாரத்துக்கு ஒரு நாள் ஒரு பொட்டலம் வைட்டமின் டி தூள், பாலில் கலந்து. தினமும் ஒரு கால்சியம் மாத்திரை. காலையில் கொஞ்ச நேரம் வெயிலில் நிற்பது. நான் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகளைச் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்தேன். ஒரு வாரமும் தவறவில்லை.

நான் அப்படிப்பட்டவள்தான். தட்டாஞ்சாவடியில் ஒரு மசாலாப் பொடி கம்பெனியில் பேக்கிங் பிரிவில் லேபிள் பார்ப்பது என் வேலை. தேதி மங்கலாக விழுந்திருந்தால் போதும், அட்டைப் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிடுவேன். அங்கே இருக்கும் பெண்கள் எனக்கு வைத்திருக்கும் பட்டப் பெயர் "மிலிட்டரி." எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஜூலைக் கடைசியில் என் நாத்தனார் பிரான்சிலிருந்து வந்தார். வீட்டுக்காரருக்கு மூத்தவர். நான் அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அவரைக் கட்டிக் கொடுத்தது ஒரு சொல்தா குடும்பத்தில், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்கள் வீட்டில். வருகிறபோதெல்லாம் சாக்லேட், சென்ட் பாட்டிலோடு ஒரு மருந்துப் பையும் வரும். பிரான்சில் ஆள் இருக்கும் எங்கள் ஊர் வீடுகளில் இந்த மருந்துப் பைக்கு ஒரு தனி மரியாதை உண்டு. அதிலும் ஆம்பூல் என்றால் கேட்கவே வேண்டாம். இரண்டு முனையும் ஊசியாக இருக்கும் கண்ணாடிக் குப்பி. டம்ளருக்கு மேலே பிடித்து ஒரு முனையை உடைத்து, தலைகீழாகத் திருப்பி இன்னொரு முனையை உடைத்தால் உள்ளே இருக்கும் சத்துத் தண்ணீர் மொத்தமும் இறங்கிவிடும். மெக்னீசியம், இரும்புச் சத்து என்று வருஷத்துக்கு ஒன்றாக வரும். வெறும் வயிற்றில் காலைக்கு ஒன்று. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் அதுதான் வழக்கம். கண்ணாடி துளிகூடச் சிதறாமல் உடைப்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அண்ணி வருவதற்கு முன்பே உங்கள் தம்பிக்கு வைட்டமின் டி குறைவாம் என்று போனில் சொல்லியிருந்தேன். வந்ததும் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துக் கையில் கொடுத்தார். உள்ளே குழந்தைக் காலுறைகளில் சுற்றிய சின்னச் சின்ன ஆம்பூல்கள், முப்பதுக்கு மேல் இருக்கும்.

"அத்தினியும் வைட்டமின் டி தாம்மா. அங்க வெயிலே கெடையாது, வூட்டுக்கு வூடு எழுதிக் குடுப்பாங்க. வாங்கி வெச்சிட்டு ஒருத்தரும் குடிக்கிறதில்ல. நாலஞ்சு வூட்ல கேட்டு வாங்கியாந்தேன். பெட்டி எடை ஏறுதுன்னு அட்டையெல்லாம் பிச்சிப் போட்டுட்டேன். உங்க மூணு பேருக்கும் ஆவும். தம்பிக்கு மறக்காம குடு."

எப்படிக் கொடுப்பது என்று நான் கேட்கவில்லை. ஆம்பூலை எப்படிக் கொடுப்பது என்று என்னையா கேட்கச் சொல்கிறீர்கள்? அவரும் சொல்லவில்லை. மறுநாள் காரைக்காலில் மாமியார் வீட்டுக்குப் போய், அப்படியே அங்கிருந்து சென்னைக்குப் போய் விமானம் ஏறிவிட்டார். நான் டப்பாவைச் சமையலறை அலமாரியில் மேல் தட்டில் வைத்தேன். எனக்கும் மகளுக்கும் ஒன்றுகூட எடுக்கவில்லை. வலியில் கிடப்பவர் அவர், எல்லாம் அவருக்கே இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அவர் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் முதல் ஆம்பூலை உடைத்தேன். "எண்ணெ மாதிரி இருக்குதுடி" என்று முகத்தைச் சுளித்தார். "சத்து அப்படித்தான் இருக்கும், குடிங்க" என்றேன்.

முதல் வாரம் வலி குறைந்த மாதிரி இருந்தது. இரண்டாவது வாரத்தில் சாப்பாடு இறங்கவில்லை. வயிறு கட்டிக்கொண்டது. தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்தார். வேலையில் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை பாத்ரூமுக்கு ஓடுவதாகச் சொன்னார். மூன்றாவது வாரம் வாந்தி. அப்புறம்தான் அந்த ஷூ.

காலையில் வாந்தி, தீராத தாகம், தள்ளாட்டம், குழறல். பழைய நாட்களில் இவை ஒவ்வொன்றையும் நான் கண்ணால் பார்த்தவள். ஆகவே எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. பக்கத்தில் போய் மோந்து பார்த்தேன். வாந்தி நாற்றம்தான் அடித்தது. என் கம்பெனியில் ஒருத்தியிடம் சொன்னபோது, "வாசனையே வராத சரக்கெல்லாம் இருக்குதுக்கா" என்றாள். அது போதுமாக இருந்தது எனக்கு. அவர் தூங்கும்போது வண்டி சீட்டுக்கு அடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பரண் மேல், துவைக்காத துணிகளுக்குள் எல்லாம் தேடினேன். ஒரு பாட்டிலும் கிடைக்கவில்லை. எவ்வளவு சாமர்த்தியமாக ஒளிக்கிறார் பார் என்று இன்னும் ஆத்திரம்தான் வந்தது.

"குடிச்சீங்களா?" என்று தினமும் கேட்டேன். "இல்லடி" என்று தினமும் சொன்னார். கேட்டுக்கொண்டே ஆம்பூலை உடைப்பேன், அவர் சொல்லிக்கொண்டே வாங்கிக் குடிப்பார். குடித்துக் கெட்டுப்போகும் உடம்புக்குச் சத்தாவது போகட்டும் என்று கடைசி வாரத்தில் சில நாள் இரண்டு இரண்டாக உடைத்தேன். இதை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது. ஆனால் எழுதத்தான் வேண்டும்.

ஒரு நாள் அவர் அச்சு மெஷினில் கையை விடப் போய், பக்கத்தில் இருந்தவர் இழுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அன்றைக்கே அவருடைய சூப்பர்வைசருக்குப் போன் செய்தேன். "சார், அவரு திரும்பக் குடிக்க ஆரம்பிச்சிட்டாரு. மெஷின்ல நிக்க வெக்காதீங்க, கை போயிடும்" என்றேன். நல்லதுக்குத்தான் செய்தேன். மறுநாள் அவரை மெஷினிலிருந்து எடுத்து, மூடி பொறுக்கும் இடத்தில் உட்கார வைத்தார்கள். அதற்கு மறுநாள் வேலைக்கே வர வேண்டாம், சரியானதும் வா என்று அனுப்பிவிட்டார்கள். பதினாறு வருஷ வேலை.

வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். மகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். வேண்டுமென்றே அவளையும் கூப்பிட்டு நிற்க வைத்துக்கொண்டுதான் கேட்டேன்.

"உங்க பொண்ணு முன்னாடி சொல்லுங்க. குடிச்சீங்களா, இல்லியா?"

அவர் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு என்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சொல்லுங்க. நான் பொய்யா சொல்றேன்?"

"குடிச்சிருக்கேன்" என்றார்.

மகள் அழுதுகொண்டே வெளியே போய்விட்டாள். அன்றிலிருந்து அவரோடு பேசவில்லை. எனக்கோ, சொல்கிறேன், அந்த நிமிஷத்தில் ஜெயித்துவிட்ட மாதிரிதான் இருந்தது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் என்று இருந்தது. இங்கேயே புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் வேலை பார்க்கும் என் தம்பிக்குப் போன் செய்து, மாமாவே ஒத்துக்கொண்டார், நானும் புள்ளையும் வருகிறோம், ஒரு ரூம் ஒழித்து வை என்று சொன்னேன். இரண்டு பைகளில் துணியும் எடுத்து வைத்தேன்.

பைகள் கதவோரம் இருந்தபடியே இருக்க, இரண்டாம் நாள் காலை அவர் எழுந்திருக்கவில்லை. கண் திறந்திருந்தது. என்னைத் தெரியவில்லை. அதற்குச் சற்று முன்புதான், தூக்கக் கலக்கம் என்று நினைத்து, தலையைத் தூக்கிப் பிடித்து அன்றைய ஆம்பூலை வாயில் ஊற்றியிருந்தேன். என் தம்பி ஆட்டோவோடு வந்தான். ஆஸ்பத்திரியில் வைத்துக் கேட்ட முதல் கேள்வி, "குடிப்பாரா?"

"தினமும்" என்றேன்.

எழுதிக்கொண்டார்கள். ஒரு நாள் முழுக்கக் குடிகாரருக்கான வைத்தியம்தான் நடந்தது. மறுநாள் காலையில் ஒரு டாக்டர் வந்தார், சின்ன வயசுப் பெண். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஈரல் நல்லா இருக்கு. குடியால வந்த மாதிரி தெரியல. ரத்தத்துல கால்சியம் ரொம்ப அதிகமா இருக்கு, கிட்னி பாதிக்க ஆரம்பிச்சிருக்கு. இந்த வயசுல கால்சியம் இப்படி ஏறினா, எலும்புல எங்கயாவது கேன்சர் இருக்கான்னும் பாக்கணும். வீட்ல வேற ஏதாவது மருந்து சாப்பிடறாரா?"

"ஒண்ணும் இல்ல டாக்டர். டாக்டர் எழுதிக் குடுத்த கால்சியமும், வாரம் ஒரு பொட்டலமும்தான். மருந்துன்னு வேற எதுவும் இல்ல" என்றேன். பொய் சொல்லவில்லை. ஆம்பூல் மருந்து என்று என் மண்டையில் ஏறியிருந்தால்தானே சொல்வதற்கு.

கேன்சர் என்ற சொல்லோடு வெளியே வந்தேன். வராந்தாவில் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். குடிக்கிறாரே என்று கோபப்பட்ட கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. குடிகாரராகவே இருந்துவிட்டுப் போகட்டும், ஆள் இருந்தால் போதும் என்று இருந்தது. மத்தியானம் இரண்டு மணி போல அண்ணி போனில் வந்தார், என் தம்பி அவரிடம் ஏதோ சொல்லியிருக்கிறான். நான் ஓவென்று அழுதேன்.

"நான் ஒரு கொறையும் வெக்கல அண்ணி. நீங்க குடுத்த ஆம்பூல்கூட ஒரு நாள் விடாம குடுத்தேன்."

அண்ணி என் பேச்சை நிறுத்தினார்.

"ஒரு நாள் விடாமன்னா?"

"தினம் காலைல. வெறும் வயித்துல."

"மோன் தியே! ஐயோ, தினமுமா குடுத்த? அது மூணு மாசத்துக்கு ஒண்ணுமா! ஒண்ணு குடிச்சா மூணு மாசத்துக்கு வரும்! எத்தினி குடுத்த? சொல்லு, எத்தினி குடுத்த?"

நான் போனைக் கட் செய்யவில்லை. அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு ஓடினேன். ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய், பிஸ்கட் டப்பாவை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தேன். காலுறைக்குள் நாலுதான் மிச்சம் இருந்தன. ஆட்டோவில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடியின் மேலேயே மருந்தின் பெயரும் அளவும் பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது. அந்த எண்ணில் எத்தனை சைபர் என்று அப்போதுதான் எண்ணினேன். தினம் ஆயிரக்கணக்கில் லேபிள் பார்ப்பவள், முப்பது தடவைக்கு மேல் உடைத்த குப்பியை ஒரு தடவை திருப்பிப் பார்க்கவில்லை.

டாக்டர் குப்பியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"வைட்டமின்தானே டாக்டர்" என்றேன், என்ன சொல்வது என்று தெரியாமல்.

"உப்புகூட உடம்புக்கு வேணும்தாம்மா. ஒரு கிலோ உப்பைத் தின்ன முடியுமா?" என்றார். உட்கார வைத்துச் சொன்னார். சில வைட்டமின் அதிகமானால் சிறுநீரில் போய்விடும், அதனால் பெரும்பாலும் தெரியாது. டி அப்படி இல்லை. கொழுப்பில் தங்கிவிடும், வாரக்கணக்கில் போகாது. அளவோடு இருந்தால் சாப்பாட்டில் இருக்கும் கால்சியத்தை எடுத்து எலும்புக்குக் கொடுக்கும். அளவு மீறினால் எலும்பில் இருப்பதையும் பிடுங்கி ரத்தத்தில் கொட்டும். குடல் நின்று போனது, தாகம் எடுத்தது, தலை குழம்பியது, கிட்னி கெட்டது எல்லாம் அதனால்தான். கூடவே நான் கால்சியம் மாத்திரையும் ஞாயிற்றுக்கிழமைப் பொட்டலமும் ஒரு நாள் பிசகாமல் கொடுத்திருந்தேன்.

"பிழைச்சிடுவாரா?"

"கிட்னி திரும்புதான்னு பாக்கணும். நாலஞ்சு நாள் ஆகும்" என்றார்.

அந்த நாட்களை எப்படிக் கடந்தேன் என்று கேட்காதீர்கள். விடாமல் சலைன் ஏறியது. ஊசி போட்டார்கள். தினமும் ரத்தம் எடுத்துப் போவார்கள், நான் அந்த ரிப்போர்ட் சீட்டு வரும் வழியையே பார்த்துக்கொண்டு நிற்பேன். மூன்றாம் நாள் எண் கொஞ்சம் இறங்கியது. ஐந்தாம் நாள் அவர் என்னை அடையாளம் கண்டு, தண்ணீர் கேட்டார். நான் தம்பியைக் கூப்பிட்டுக் கொடுக்கச் சொன்னேன். என் கையால் கொடுக்கப் பயமாக இருந்தது.

மகளிடம் முதலில் சொன்னேன். "அப்பா குடிக்கல. நான்தான் குடுத்தேன்." அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் வாங்கிக்கொண்டிருக்கிறேன். நேராக வார்டுக்குள் போய் அவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் சேதராப்பட்டுக்கு பஸ் ஏறினேன். போனில் சொல்லிக் கெடுத்ததைப் போனிலேயே சரிசெய்ய எனக்கு மனசு வரவில்லை. ஷிஃப்ட் மாறும் நேரம், கேட்டில் கூட்டம். சூப்பர்வைசர் என்னை உள்ளே வந்து பேசச் சொன்னார். இங்கேயே பேசுகிறேன் சார் என்றேன். "அவரு ஒரு சொட்டு குடிக்கல. சத்து மருந்துன்னு நான்தான் அளவு தெரியாம தினமும் ஊத்தினேன். அதுல வந்த மயக்கம். நான் சொன்னது தப்பு" என்றேன். நிற்கிறவர்கள் எல்லாரும் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன். ரிப்போர்ட்டையும் காட்டினேன். உடம்பு தேறியதும் வரச் சொல்லுங்கள், டே ஷிஃப்ட் பார்க்கலாம் என்றார் அவர்.

திரும்பி வந்து எல்லாவற்றையும் வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஆம்பூல், இரண்டு இரண்டாக உடைத்தது, கம்பெனிக்குப் போன் செய்தது, கதவோரம் எடுத்து வைத்த பை, எல்லாம். அவர் தலையணையில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சு தெளிவாகிவிட்டிருந்தது, குரல் மட்டும் பலவீனமாக இருந்தது. கோபப்படுவார் என்று காத்திருந்தேன். படவில்லை. எனக்கு ஒன்று மட்டும் கேட்க வேண்டியிருந்தது.

"குடிக்கவே இல்லியே. அப்புறம் ஏன் அன்னிக்குப் புள்ள முன்னாடி குடிச்சிருக்கேன்னு சொன்னீங்க?"



"எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லடி. எப்படி வண்டி ஓட்டிக்கினு வூட்டுக்கு வந்தேன்னே தெரியாது. நீ தினமும் அவ்ளோ உறுதியா கேட்ட. நீ இல்லாதத சொல்றவ இல்ல. அப்போ குடிச்சிருப்பேன், எனக்குத்தான் தெரியலன்னு நெனச்சிக்கிட்டேன்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஒம்போது வருசம் இருந்துட்டு இப்படிப் பண்ணிட்டோமேன்னு இருந்திச்சி. நீ வேலைக்குப் போனதுக்கப்புறம், எங்க ஒளிச்சி வெச்சிருக்கேன்னு வூடு பூரா நானும் அந்த பாட்டிலத் தேடினேன்டி."